பிலோமி சொன்ன இரண்டு சரி

மேடையில் பியானோ வாசிக்கிற உங்களில் சிலர், நான் எழுதிய 'இரண்டு சரி' என்ற உருப்படியை எடுத்து வாசிக்கிறீர்கள். வாசித்துவிட்டு எனக்குப் போன் செய்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ச, ரி என்ற இரண்டு ஸ்வரங்களை வைத்து எழுதியதா, அப்படியானால் அது எந்த ரி? ஒரு விமர்சகர், கர்நாடக ஸ்வரங்களைப் பியானோவில் குடியேற்றிவிட்டார் என்றே எழுதினார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டிவரும். அது ஒரு வீட்டுக்குள் நடந்த விஷயம். இப்போது அந்த வீட்டாரே தாராளமாகச் சொல் என்று விட்டுவிட்டதால் சொல்கிறேன். நம் தொழிலுக்கு அதில் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் மேடையில் தனியாக வாசித்ததைவிடப் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததுதான் அதிகம். சொந்தமாக எழுதியதெல்லாம் இடையிடையே. தொழிலுக்கு வந்த புதிதில் சென்னையில் ஓர் அம்மையாருக்கு வாசித்தேன். பெயர் வேண்டாம். மேடையில் அவரைப் பார்த்தேன், தலையாட்டினார், தொடங்கிவிட்டேன். அவர் நுழைய வேண்டிய இடம் வந்தது, நுழையவில்லை. முன்னிசையை இன்னொரு சுற்று சுற்றி வந்துதான் அவரைச் சேர்த்துக்கொண்டேன். கச்சேரி முடிந்து உள்ளே வந்ததும் அவர் கோபப்படவில்லை. "தலையாட்டினது சபைக்குப்பா. உனக்கு நான் மூச்சை இழுத்துக் காட்டுவேன். அதைக் கவனி" என்றார். அன்று தொற்றிய பழக்கம் என்னை விடவே இல்லை. யாராவது ஆமாம் என்று சொன்னால், அந்த ஆமாமைச் சுற்றி வேறு என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். பாதி தொழிலுக்காக, பாதி வெறும் ஆவலுக்காக.

இனி பிலோமியின் கதை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விழாவுக்காகப் பெரிய உருப்படி ஒன்றை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். சென்னை வீட்டின் இரைச்சலில் எழுத ஓடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பழனிசெட்டிபட்டியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மதுரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இடம் மாறினாலும் உருப்படி நகரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக உட்கார்ந்திருந்தபோது சவரிமுத்து போன் செய்தான்.

சவரிமுத்து என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், பழைய மிஷன் காலத்துக் கத்தோலிக்க ஊர். அங்கே கோயில் பாட்டுக் குழுவில் பாடாத வீடு கிடையாது. நானும் அவனும் ஒரே வரிசையில் நின்று பாடியவர்கள். நான் பியானோவைத் தேடிச் சென்னைக்குப் போனேன். அவன் ஊரிலேயே இருந்து திராட்சை போட்டான். அவன் மனைவி பிலோமி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கோயிலில் பெண்கள் பாட்டை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகும் போய்ப் பார்க்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். முன்பு அத்தனை பேசியவர் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏலே, ஒருதடவ வந்து அவ பேசுறதக் கேட்டுட்டுப் போ" என்றான் சவரிமுத்து. "உனக்கு அம்புட்டுக் காது இருக்குன்னு ஊரெல்லாம் சொல்றாகல்ல."

பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்தது ஒரே ஒரு வார்த்தைதான் என்றான். "சரி." எதைக் கேட்டாலும் சரி. வேறு எந்தச் சொல்லும் இல்லை.

போனேன். வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. அவர்களுடைய மகன் ஜெரால்டு கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. பேச்சுப் பயிற்சி தருகிற ஓர் இடத்தில் அம்மாவுக்கு இடம் பிடித்திருந்தான். மாதக்கணக்கில் தங்கிப் பழக வேண்டிய பயிற்சி. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போக லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

நான் உள்ளே நுழைந்தபோது அப்பனும் மகனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் பிலோமி. வலது கை ஒரு தலையணையின் மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, "சரி" என்றார். அதற்குள் நலமா, எப்போ வந்தீக, இவ்வளவு நாளா எங்கே போனீக எல்லாமே இருந்தது.

ஜெரால்டுதான் வழக்கை எடுத்துச் சொன்னான். "மாமா, நேத்து நான் கேட்டேன், கோயம்புத்தூரு போவமாம்மான்னு. சரின்னாக. அப்பா வந்து இங்கனயே இருப்போமான்னு கேக்குறாக. அதுக்கும் சரின்னாக. இப்ப நான் எத எடுத்துக்கிறது?"

தலையாட்டலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். வாய் சரி என்றதும் தலையும் தானாக ஆடிவிடுகிறது. எழுதச் சொன்னால் இடது கை ஏதோ கோடு இழுக்கிறதே தவிர எழுத்து வரவில்லை. ஆனால் நாம் பேசுவது புரிகிறது, சொல் மட்டும் வருகிற வழியில் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சவரிமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பிலோமி இந்த ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. கோயில் இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே. பெரிய ஊரில் ஒரு மாடி வீட்டில் கொண்டுபோய் அடைத்தால் இருக்கிற ஒரு வார்த்தையும் போய்விடும் என்றான். மகனுக்காகத்தான் அவள் அங்கே சரி சொன்னாள், மனசோடு சொன்னது தனக்குச் சொன்ன சரிதான் என்பது அவன் கட்சி. ஜெரால்டின் கட்சி நேர் எதிர். அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று அம்மா அவருக்குச் சரி சொல்கிறார்.

இரண்டு பேரும் பிலோமியை நேசிக்கிறவர்கள். அதனால்தான் வழக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் ஒன்று என் காதில் விழுந்தது. சவரிமுத்து காப்பி தரவா என்று கேட்டான். பிலோமி சரி என்றார். ஃபேனைக் கூட்டட்டுமா என்று ஜெரால்டு கேட்டான். அதற்கும் சரி என்றார். எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே வார்த்தை. காதுக்கு அப்படி இல்லை. ஒன்றில் ரி கீழே இறங்கி உட்கார்ந்தது. மற்றதில் ரி மேலே ஏறி நின்றது. தற்செயலா என்று பார்க்க நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏறுகிற சரி, இறங்குகிற சரி, இரண்டே வகைதான் திரும்பத் திரும்ப வந்தன. கோயிலில் சுதி பிசகாமல் பாடிய தொண்டை. வார்த்தை போனாலும் சுதி போகவில்லை.

எனக்கு இப்படிக் கேட்கிறது என்று நான் சொன்னதும் சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். உடனே பிலோமியின் பக்கம் திரும்பி, "நாம இங்கனயே இருப்போமா?" என்று கேட்டான்.

"சரி" என்றார் பிலோமி. ரி மேலே ஏறிற்று.

"கேட்டியா? என்னடா சொல்றா?"

அந்த இடத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஏறுகிற குரல் என்றால் எனக்கு மகிழ்ச்சி. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். முகம் மலர்ந்து சம்மதிக்கிறவர் குரல் மேலே போகும், மனமில்லாதவர் குரல் கீழே விழும் என்று மனம் தானாகச் சொன்னது. அப்படிப் பார்த்தால் சவரிமுத்து சொன்னதுதான் சரி. சொல்வதற்கும் ஆசையாக இருந்தது. அவன் என் சிநேகிதன். அவன்தான் என்னைக் கூப்பிட்டான். ஆனால் அந்த ஆசையே என்னைத் தடுத்தது. நான் கேட்டது ஒரு குரல் ஏறுவதை. ஏறினால் சம்மதம் என்பது என் காது கேட்டதல்ல, நானாகச் சேர்த்துக்கொண்டது.

"நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அவுகளப் போட்டுக் கேக்காதீக" என்றேன். சவரிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

ஜெரால்டு கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்மணிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். நான் கேட்டதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சொல் போன பிறகும் ராகம் தங்கிவிடுவது உண்டு, ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை ஆளுக்கு ஆள் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்விகளை முதலில் கேளுங்கள், பதில் தெரியாததைக் கடைசியில் கேளுங்கள் என்றார். இவ்வளவு எளிய யோசனை எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் முழுவதும் பியானோவில் அந்த இரண்டு சரியையும் தேடினேன். இறங்குவது கிடைத்துவிட்டது. ஏறுவது ஒரு கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் எங்கோ நின்றது. பியானோவில் அந்த இடம் இல்லை. விழாவுக்கு எழுத வேண்டியதைப் பற்றி அன்றைக்கு ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் போனேன். பிலோமிக்கு எதிரில் உட்கார்ந்து, "தங்கச்சி, உன்னையச் சோதிக்கிறேன்னு நெனைக்காத. உன் சரியப் படிக்க வந்திருக்கேன்" என்றேன். கேள்விகளை ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சுதியில் கேட்டேன். என் ராகத்தை அவர் திருப்பிச் சொல்லிவிடக் கூடாதல்லவா.

உன் மகன் பெயர் ஜெரால்டா? சரி. இறங்கிற்று.

வெளியே மழை பெய்கிறதா? வாசலில் வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. சரி. ஏறிற்று.

நீ பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாயா? இறங்கிற்று. நான் பஸ் ஓட்டுகிறவனா? ஏறிற்று.

நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ். இறங்கி உட்கார்கிற சரிதான் ஆமாம். ஏறுகிற சரி, 'அப்படியா, நீ சொல்லிக்கோ' என்கிற சரி. நேற்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணின் மறுப்பைச் சம்மதம் என்று நானே தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தீராத ஆச்சரியம். சவரிமுத்து நன்றாகப் பாடுவானா என்று கேட்டேன். பிலோமி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு ச-வைக் கீழே பிடித்து, ரி-யை வேண்டுமென்றே மேலே, மேலே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்தான். சவரிமுத்துவும் சிரித்தான், அதன் அர்த்தம் உறைப்பதற்கு முன்னாலேயே. பிலோமி கண்டுகொண்டுவிட்டார். ஒருத்தன் அவருடைய வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தைக் கேட்கிறான் என்று தெரிந்ததும் அந்த ராகத்தையே கையில் எடுத்துக்கொண்டார். அதுவரை நான் ஊகித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்திலிருந்து அவர் பேசினார்.

இனி பதில் தெரியாத கேள்வி. அதை நான் கேட்கவில்லை. நீயே கேள் என்று ஜெரால்டைப் பார்த்தேன்.

"அம்மா, கோயம்புத்தூருக்கு வாறீகளா?"

"சரி." நீளமாக, அழுத்தமாக இறங்கிற்று. இடது கையால் நாற்காலிக் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்து சவரிமுத்து தன் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

நான் பின்னாலேயே போனேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்தபடி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இத்தனை வருசம் கூட இருந்திருக்கேன். அவளுக்கு இங்கன இருக்கப் பிடிக்கலைங்கிறது நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றான்.

ஆறுதல் சொல்ல நாக்கு வரை வந்தது. அவளுக்குப் பிடிக்காமல் இல்லையடா, வைத்தியத்துக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாத ஒன்று. முதல் நாள் தப்பித்த பிழையை இரண்டாம் நாள் பந்தலுக்கு அடியில் செய்யப் பார்த்தேன்.

"பிடிக்கலைன்னு அவ சொல்லலை. நான் கேக்கவும் இல்லை" என்றேன். "இப்ப உனக்கும் அவ பாஷை தெரியும். போய்க் கேளு."

அவன் அசையவில்லை. நான் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தேன். பிலோமி பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். கை காட்டி நிறுத்தினேன். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. நம் தொழிலில் ஒரு மௌனம் நீண்டால் கை தானாகக் கட்டையைத் தேடும், எதையாவது வாசித்து நிரப்பப் பார்க்கும். அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்ததுதான் நான் செய்த வேலை.

சவரிமுத்து வந்தான். பிலோமியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தான்.

"நானும் வரணுமா?"

"சரி." ஏறிற்று. வேண்டாம்.

அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஏன், கொடி வெட்டுற கவாத்துக்கு ஆளு வேணுமேன்னா? தோட்டத்தப் பாத்துக்கிறணும்ங்கிறியா?"

"சரி." இறங்கிற்று.

"திரும்பி வந்துருவியா?"

பிலோமி, வகுப்பில் தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டவனைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். குட்டையாக, பட்டென்று இறங்கிற்று. இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல.

சவரிமுத்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். அந்தக் கைக்கு உணர்ச்சி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அதை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கார் புறப்பட்டது. சவரிமுத்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தான். சனிக்கிழமை தவறாமல் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினான்.

விழாவுக்கு எழுதிக்கொண்டிருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு 'இரண்டு சரி'யை எழுதினேன். இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஏறுகிற இரண்டு ஸ்வரங்களை உங்களில் பெரும்பாலோர் மிருதுவாக, அழகாக, ஏதோ விடியலைப் போல வாசிக்கிறீர்கள். அது விடியல் அல்ல. ஒரு பெண் வேண்டாம் என்று சொல்கிறார், யாரும் கேட்கவில்லை, அதனால் மறுபடியும் சொல்கிறார். இறங்குகிற இரண்டும்தான் மகிழ்ச்சி. அதைச் சோகமாக்காதீர்கள். பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்காரும்போதும் இதையே சொல்வேன். கேட்டது எது, நீங்களாகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், தெரிந்த இடத்தில் ஒருதடவை சரிபார்த்துவிட்டுத் தெரியாத இடத்துக்குப் போங்கள். அதற்கு நேரம் இல்லை என்று பக்கத்தில் இருக்கிறவர் அவசரப்படுத்துவார். அவர் உங்கள் சிநேகிதராகவும் இருப்பார்.

பயிற்சி மெதுவாகத்தான் நடந்தது. பல மாதம் ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை சவரிமுத்து கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான்.

"ஏலே, அவளுக்கு இன்னொரு வார்த்தை வந்திருச்சு."

"என்ன வார்த்தை?"

"இல்ல."

"வார்த்தை இல்லையா? இப்பத்தான வந்திருச்சுன்ன?"

"'இல்ல'ங்கிறதுதாண்டா வார்த்தை" என்றான். அவனுக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. "இப்ப எல்லாத்துக்கும் இல்லங்கிறா. காப்பி வேணுமான்னா இல்லங்கிறா, டம்ளருக்குக் கைய நீட்டுறா. நீயே பேசு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நல்லா இருக்கியா?"

"இல்ல" என்றார் பிலோமி.

ல கீழே இறங்கி, அசையாமல் உட்கார்ந்தது.